மீன்குறடு

ஒரு மீன்குறடு வாங்கியதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தூண்டிலில் ஏறிய மீனின் கீழ்த்தாடையைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். 100 குரோனருக்கும் இருக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. இதில் எதை வாங்குவது என்று தீர்மானிக்க எங்களுக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்பதைத்தான் எழுதப் போகிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் மயிலிட்டி. தகப்பனும் பேரனாரும் கடற்தொழில். மற்றவர் கொக்குவில். கீரிமலைக் கேணிக் கட்டில் இருந்து கடலைப் பார்த்ததோடு சரி. மயிலிட்டிக்காரர் வயதில் மூத்தவர் என்பதால் அவர் அண்ணை, மற்றவர் தம்பி. இதை எழுதும் கை தம்பியுடையது. ஆனால் குறடு இருவருக்கும் பொது, கொடுத்த காசும் பாதி பாதி. ஆகவே நாங்கள் என்றே எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டு வசந்தத்தில், பேர்கனில், யாரோ பாவித்து அலுத்துப்போன ஒரு கயாக்கை 3500 குரோனருக்கு வாங்கினோம். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக மேலே ஏறி இருக்கிற வகை. செம்மஞ்சள் நிறம். இயந்திரப் படகு வாங்குகிற வசதி எங்களிடம் இல்லை. படகு வாங்கினாலும் அதைக் கட்டி வைக்கிற இடத்துக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும். கயாக் என்றால் மாடிப் படிக்குக் கீழே கிடக்கும். இந்த நாட்டில் குடியிருப்பவர்கள் கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஊருக்கு அனுப்புகிற காசிலும் வீட்டுக் கடனிலும் மிஞ்சுவதை வைத்து மீன் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அண்ணை கயாக்கை முதலில் தட்டிப் பார்த்தார். "இதென்ன தம்பி, தண்ணி வாளி மாதிரிச் சத்தம் போடுது" என்றார். அவருடைய தகப்பனாரின் படகு காரைநகர் சீநோரில் செய்த பைபர்கிளாஸ் படகு. குருநகரிலிருந்து 1956இல் நோர்வேக்கு வந்த அந்தோனி இராஜேந்திரம் தொடங்கியதுதான் சீநோர். நோர்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் படகும் வலையும் செய்தார்கள். நோர்வே என்ற பெயரை அண்ணை பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, தகப்பனார் படகுக்குத் தவணைக் காசு கட்டுகிறபோது கேட்டதுதான். பிறகு அதே நாட்டுக்கு அகதியாக வந்து சேருவார் என்று அப்போது யார் கண்டது.

கயாக்கில் மீன் பிடிப்பதில் உள்ள சங்கடம், படகில் தொழில் செய்தவர்களுக்கும் உடனே விளங்காது. வள்ளத்தில் மீனைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கயாக்கில் 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. காலை நீட்டி இருக்கிறோம். மடியில் துடுப்பு, ஒரு கையில் தூண்டில் தடி. மீன் வந்தால் அதுவும் மடிக்குத்தான் வர வேண்டும். மீனின் வாயில் கொளுக்கி, கொளுக்கியில் தங்கூசி, தங்கூசி துடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும். மீனைப் பிடிக்க ஒரு பக்கம் சரிந்தால் கயாக்கும் சேர்ந்து சரியும். பியோர்ட் என்பது கரையிலிருந்து கல் எறியும் தூரத்திலேயே பாதாளம். கோடையிலும் தண்ணீர் குளிர். மிதவை அங்கி போடாமல் நாங்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆனால் மிதப்பது ஒன்று, அந்தக் குளிரில் கை கால் வேலை செய்வது இன்னொன்று.

ஜூன் மாதம் ஒரு மாலை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். பாறையோரக் கடற்பாசிக் காட்டுக்குப் பக்கத்தில் அண்ணையின் தூண்டிலில் ஒரு லீர் ஏறியது. இந்த மீனின் குணம், கொளுவுப்பட்டதும் தலைகீழாகப் பாசிக்குள் பாயும். அதைப் பாய விடாமல் அண்ணை தடியை வளைத்துப் பிடித்து மேலே கொண்டுவந்த விதத்தைப் பார்த்தபோது, மயிலிட்டி மயிலிட்டிதான் என்று நினைத்தோம். மூன்று கிலோ இருக்கும். தடியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் செவுளுக்குப் பின்னால் பிடித்தார். வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை மீன் துள்ளிக் கயாக்கின் நடுவே விழுந்தது. அதன் வாயில் தொங்கிய ஈயத் தூண்டிலுக்கு மூன்று முள். ஒன்று மீனில், இன்னொன்று தம்பியின் உள்ளங்கையில்.

மீன் துள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்த முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கயாக் இரண்டு பக்கமும் ஆடியது. அண்ணை இடது கையால் கத்தியை எடுத்துத் தங்கூசியை அறுத்தார். பிறகு துடுப்பின் பிடியால் மீனின் தலையில் ஓர் அடி. எல்லாம் அடங்கியது. அவரே துடுப்பு வலித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். அவசர மருத்துவ நிலையத்தில் ஊசி போட்டு விறைக்கச் செய்து, முள்ளின் நுனியை மறுபக்கம் வெளியே தள்ளி, கொக்கியை வெட்டி எடுத்தார்கள். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, மீன் எத்தனை கிலோ. அந்த மனிதருக்கும் தூண்டில் பழக்கம் போல.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரை நிறுத்திவிட்டு, "தம்பி, பிழை என்னிலைதான்" என்றார் அண்ணை. வலது கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்து மடக்கிக் காட்டினார். பெருவிரலும் கடைசி இரண்டு விரல்களும் மடங்கின. சுட்டுவிரலும் நடுவிரலும் அப்படியே நின்றன.

1989இல் அவர் வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த நாட்களில் எங்கள் பெடியள் பலர் அங்கேதான். கோடையில் சூரியன் மறையாது, மாரியில் எழும்பாது. ஒரு மாரிநாள் மீன் சீவுகிற கத்தி வழுக்கி உள்ளங்கையின் குறுக்கே போய்விட்டது. இரத்தம் நின்றதும் துணியைச் சுற்றி, அதன் மேல் றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மிச்ச நேர வேலையையும் முடித்தார். மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. விசா விஷயம் இழுபட்டுக்கொண்டிருந்த நேரம். வேலை செய்ய முடியாதவன் என்று ஒரு கடதாசியில் பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம். காயம் ஆறியது. விரலை மடக்கும் நாண்கள் அறுந்ததை டொக்டர் ஒருவர் பார்த்துச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

நாங்கள் பழகத் தொடங்கி அப்போது 22 வருடம். அண்ணை எங்கள் வீட்டில் எப்போதும் கரண்டியால்தான் சோறு சாப்பிடுவார். "வெள்ளைக்காரன் ஆயிட்டார்" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறோம். அவரும் சிரித்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் குறடு தேடத் தொடங்கினோம். அண்ணைக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "உது மீன் பிடிக்கவோ, ஆணி புடுங்கவோ?" என்று கேட்டார். மீனைக் கருவியால் பிடிப்பது அவருடைய ஊரில் பகிடிக்குரிய விஷயம். ஓராவின் முள்ளும் கெளிற்றின் முள்ளும் எந்தப் பக்கம் நிற்கும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், கைக்குத் தெரியாதவன் கடலுக்குப் போகக்கூடாது.

இங்குள்ளவர்கள் பெரிய மீனுக்குக் கிளெப் என்ற கொளுக்கித் தடியைப் பாவிக்கிறார்கள். மலிவு, உறுதி. ஆனால் கூரிய கொளுக்கி ஒன்றைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிற கயாக்கில் இருப்பதற்கு, ஏற்கனவே ஒரு முள் ஏறிய கை சம்மதிக்கவில்லை. அதோடு குத்திய பிறகு மீன் சிறிதென்று கண்டால் திரும்ப விடவும் முடியாது. அடுத்தது கைவலை. மீனுக்கு நல்லது, அதிலும் றப்பர் வலை என்றால் செதில் போகாது. ஆனால் கயாக்கில் வைக்க இடமில்லை. மூன்று முள்ளும் வலையில் மாட்டினால் அரை மணித்தியாலம் போய்விடும். கையுறை போட்டுப் பார்த்தோம். நனைந்த கையுறை மீனைவிட மோசமாக வழுக்கியது.

பிறகு தபாலில் ஓர் இரும்புக் குறடு எடுப்பித்தோம். 149 குரோனர். அமெரிக்காவில் அலபாமாவில் செய்கிற போகா கிறிப் என்ற பெயர்போன குறட்டின் சாயல். அசல் என்றால் ஆயிரத்துக்கு மேல் போகும். அதன் வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. உறையைப் பின்னுக்கு இழுத்தால் தாடைகள் திறக்கும், விட்டால் மூடும். மீன் எவ்வளவு பாரமோ அவ்வளவு இறுகும். மீன் சுழன்றால் தலைப்பகுதியும் சேர்ந்து சுழலும், ஆதலால் கை முறுகாது. கைபிடிக்குள்ளேயே தராசு. அசலின் தராசு நம்பத்தக்கது என்று பெயர். எங்களுடைய நகலின் தராசில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டோம். நாலு கிலோவும் கொஞ்சமும் காட்டியது. மறுபடி தொங்கவிட்டபோது வேறொரு கணக்குச் சொன்னது. "சங்கக்கடைத் தராசு" என்றார் அண்ணை.

தராசு பொய் சொன்னால் பரவாயில்லை, மீன் எத்தனை கிலோ என்று நாங்கள் யாருக்கும் கணக்குக் காட்டப் போவதில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அந்த உறையைப் பின்னுக்கு இழுப்பதற்குத் தேவைப்படுகிற விரல்கள் சுட்டுவிரலும் நடுவிரலும். அண்ணை குசினி மேசையில் இருந்து பல தரம் முயன்றார். இரண்டு கையாலும் பிடித்தால் இழுக்க முடிந்தது. இரண்டு கையும் குறட்டில் என்றால் தடியை யார் பிடிப்பது? தம்பி பிடிக்கலாம் என்றோம். அண்ணை ஒன்றும் பேசாமல் குறட்டை மேசையில் வைத்தார். அது இரண்டு தரம் உப்புத் தண்ணீருக்குப் போய்ச் சுருள்வில் துருப்பிடித்து, இப்போது லாச்சிக்குள் கிடக்கிறது. 149 குரோனரையும் குறட்டின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் நாங்கள் செய்த பிழை விளங்கியது. அதுவரை மீனை யோசித்துக் குறடு தேடினோம், எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு அகலத் திறக்கும் என்று. கையை யோசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கடைக்கே போனோம். துவக்குப் போல விசை வைத்த ஒன்றைக் காட்டினார்கள். அதற்கும் சுட்டுவிரல் வேண்டும். இடது கையால் இழுக்கலாம், ஆனால் அப்போது வளைந்து நிற்கிற தடியை வலது கை தாங்க வேண்டும். கடைக்காரப் பையனுக்கு எங்கள் யோசனை விளங்கவில்லை. அவன் மேலும் மேலும் விலை கூடியதைக் காட்டினான். அவனைக் குறை சொல்வதற்கில்லை, நாங்கள் கையைப் பற்றி அவனிடம் சொல்லவில்லையே.

கடைசியில் கீழ்த் தட்டில் தொங்கிய ஒன்றை அண்ணையே எடுத்தார். மஞ்சள் பிளாஸ்ரிக். சாதாரணக் குறடு போல இரண்டு கைபிடி, அழுத்தினால் கவ்விப் பூட்டிக்கொள்ளும். பெருவிரலால் ஒரு நெம்பைத் தட்டினால் விடும். உள்ளங்கையும் பெருவிரலும் கடைசி இரண்டு விரலும் போதும். தராசு இல்லை, துருப்பிடிக்க அதிகமாக ஒன்றும் இல்லை, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். 129 குரோனர். அண்ணை தன்னுடைய சட்டைக் கையைக் கவ்வ வைத்து இழுத்துப் பார்த்தார். விடவில்லை. "பத்துக் கிலோ மீன் வந்தால் இது தாங்குமோ அண்ணை?" "பத்துக் கிலோ வந்தால் அதுக்கு மரியாதை குடுத்து விடுவம்."

மிதந்தாலும் கட்டித்தான் வைத்திருக்கிறோம். காற்று வளம் மாறினால் மிதக்கிற சாமான் கயாக்கைவிட வேகமாகப் போகும். கட்டுவதற்கென்று கடையில் விற்கிற சுருள் நாடா குறட்டின் விலை சொன்னது. வீட்டில் பழைய ரெலிபோன் ஒன்று கிடந்தது, கொழும்புக்குப் பேச அட்டை சுரண்டிய காலத்து ரெலிபோன். அதன் சுருள் வயரை வெட்டிக் கட்டினோம். இன்னும் அறவில்லை.

குறடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்று முள்ளைக் கழற்றி ஒற்றைக் கொளுக்கி போட்டோம். அதுதான் முக்கியம் என்று இப்போது சொல்வோம். குறட்டுக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். மீனைத் தூக்காமல், கயாக்கின் பக்கத்தில் தண்ணீரிலேயே தாடையைக் கவ்வி, அது துள்ளி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கப் பழகினோம். சிறியதென்றால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விடுவோம். தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுப்பது நல்லதல்ல. பகாமாசில் போன்பிஷ் என்ற மீனை வைத்துச் செய்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படியான குறடுகளால் பிடித்த மீன்களில் பெரும்பாலானவற்றின் வாயில் காயம், சிலவற்றில் நாக்கே அடித்தாடையிலிருந்து பிரிந்திருந்தது. குறடு மீனுக்கு நோகாமல் இருப்பதற்கென்று செய்த சாமான் என்றுதான் கடையில் சொல்வார்கள். உண்மையில் அது எங்கள் கைக்கு நோகாமல் இருப்பதற்கு. வைத்திருக்கப் போகும் மீனைக் கீழே மற்றக் கையால் தாங்கித்தான் மடிக்கு எடுக்கிறோம். எடுத்ததும் தலையில் ஓர் அடி, செவுளை வெட்டி இரத்தம் வடிய விடுவது. இந்த நாட்டில் கற்ற நல்ல பழக்கம் இது, குழம்பில் வித்தியாசம் தெரிகிறது.

மக்ரலுக்குக் குறடு தேவையில்லை, வாயும் மெல்லியது. ஸ்டைன்பீத் என்றொரு மீன் உண்டு, பெயரிலேயே கல்லும் கடியும் இருக்கிறது. சிப்பியையும் கடல் முள்ளெலியையும் ஓட்டோடு நொறுக்குகிற பல். அது ஒருநாள் ஏறியது. அதற்குக் குறடு இல்லாமல் கிட்டவே போகக்கூடாது. குறட்டோடும் போகாமல் தங்கூசியை அறுத்துவிட்டோம் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறோம்.

அந்த ஓகஸ்ட்டில் அண்ணை மறுபடி ஒரு லீர் பிடித்தார். முதலாவதைவிடப் பெரிது. தடி இடது கையில், குறடு வலது கையில். ஒரே தரத்தில் கவ்வினார். தம்பி கீழே கை கொடுத்துத் தாங்க, மீன் மடிக்கு வந்தது. கரைக்கு வந்து படம் எடுத்தோம். ஆய்வு, நியாயம் எல்லாவற்றையும் மறந்து தாடையில் தொங்கவிட்டுத்தான் எடுத்தோம், மீன் செத்துப் போயிருந்தது என்பது ஒன்றுதான் சமாதானம்.

படத்தை அண்ணை ஊரிலுள்ள தம்பியாருக்கு அனுப்பினார். 1990 ஜூனில் மயிலிட்டியிலிருந்து எழும்பிய குடும்பம், பருத்தித்துறைப் பக்கம் முகாமிலும் வாடகையிலும் இருந்தது. தகப்பனார் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது தம்பியார் முதல் ஆட்களோடு போய், வீடு இருந்த இடத்தைப் பற்றைக்குள் தேடிக் கண்டுபிடித்தார். இப்போது அங்கிருந்து தொழிலுக்குப் போகிறார்.

படம் போய்ச் சேர்ந்து பத்து நிமிடம் இருக்காது, தம்பியார் எடுத்தார். நாங்கள் அப்போது கயாக்கைக் கரையில் கவிழ்த்துத் தண்ணீர் வடிய விட்டுக்கொண்டிருந்தோம். போன் சத்தமாக வைத்திருந்தது.

"நல்ல மீன் அண்ணை. அதென்ன மஞ்சளாய்? குறடோ? ஏன், கையாலை பிடிக்கேலாதோ? அப்பு கண்டால் என்ன சொல்லியிருப்பார்!" என்று சிரித்தார்.

அண்ணை எங்களைப் பார்த்தார். இங்கே மீன் எல்லாம் ஐஸ் மாதிரிக் குளிர் என்று சொல்வார் என நினைத்தோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனை இடது கைக்கு மாற்றினார்.

"ஓமடா, ஏலாது" என்றார். "எண்பத்தொன்பதிலை இருந்து ஏலாது. அம்மாட்டைச் சொல்லாதை. நான் சொல்லுறன்."

அவர் பாறைப் பக்கமாக நடந்து போய்ப் பேசினார். நீண்ட நேரம் பேசினார். நாங்கள் என்று எழுதி வந்ததில் மிச்சமிருந்தவர், குறட்டையும் சுருள் வயரையும் போத்தலில் கொண்டுபோன நல்ல தண்ணீரில் கழுவி, மீனின் வயிற்றைக் கீறத் தொடங்கினார்.